உலக்கைக்குப் பூண், கடைவாய்ப் பல்லுக்குக் கேப்

கேள்வி: எனக்கு வயது 51. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு வலது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் (வேர் சிகிச்சை) செய்தார்கள். மூன்று தடவை போனேன், வலி சுத்தமாக விட்டது. கேப் போடச் சொன்னார்கள். மாங்காய் சீசன் முடியட்டும் என்று இருந்தேன். இரண்டு சீசன் போய்விட்டது. போன வாரம் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிடும்போது, நாக்குப் பக்கத்துச் சுவர் உடைந்து கையோடு வந்துவிட்டது. வலி இல்லை, நாக்கில்தான் கீறுகிறது. சிகிச்சை செய்த டாக்டர், "போஸ்ட் (வேருக்குள் இறக்கும் குச்சி) வைத்துக் கட்டி, கேப் போட்டுப் பார்க்கலாம், உத்தரவாதம் சொல்ல முடியாது" என்கிறார். இன்னொருவர் "பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வையுங்கள்" என்கிறார். அதற்குப் பின்னால் இருந்த பல்லை முன்பே பிடுங்கியாகிவிட்டது. இந்தப் பல்லைப் பிடிமானமாக வைத்து அந்த இடத்துக்கும் சேர்த்துப் பல் கட்ட முடியுமா? நரம்பு எடுத்த பல் செத்த பல், உடையத்தான் செய்யும் என்று வீட்டில் சொல்கிறார்கள். என் தங்கைக்கு முன்பல்லில் இதே சிகிச்சை செய்து ஏழு வருடம் ஆகிறது. கேப்பே போடவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் எனக்குச் செய்த வைத்தியம்தான் தவறா, டாக்டரம்மா?

பதில்: ஐயா, களி தின்னும்போது பல் உடைந்தது என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். களியை மென்று தின்னும் ஆளை நம் பக்கத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? உருட்டி, குழம்பில் தோய்த்து, விழுங்குவதுதானே. வெந்த அவரைக்கொட்டைக்கும் பல்லை உடைக்கிற வலு கிடையாது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பலர் சொல்வதும் இதேதான்: "இட்லி சாப்பிட்டேன் டாக்டர், உடைஞ்சிருச்சு." உடைந்த நாளைப் பார்த்துக் காரணம் தேடினால் கிடைக்காது. நீங்கள் பல மாதமாகக் கடித்த நிப்பட்டும், பாக்கும், கோழி எலும்பும் அந்தச் சுவரின் அடியில் மயிரிழை விரிசலை விட்டிருக்கும். அது நாளுக்கு நாள் இறங்கி, கடைசி நூலிழையில் நின்றிருக்கும். களி அன்றைக்குப் போய் மாட்டிக்கொண்டது.

முதலில் செய்தது தவறா என்று கேட்கிறீர்கள். இரண்டு வருடம் வலியும் வீக்கமும் இல்லாமல் இருந்திருக்கிறது என்றால், வேருக்குள் நடந்த வேலை பெரும்பாலும் சரியாகத்தான் நடந்திருக்கிறது. ஒரு எக்ஸ்ரே பார்த்தால் உறுதியாகிவிடும். முடியாமல் நின்றது மேல் வேலை. அந்தப் பிழையில் உங்களுக்கு ஒரு பங்கு, எங்கள் தொழிலுக்கு ஒரு பங்கு. "கேப் போட்டுக்கோங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஏன் போட வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லாமல் அனுப்பிவிடுகிறோம். வலி போன பிறகு கேப் என்றால் அலங்காரச் செலவு என்றுதான் யாருக்கும் தோன்றும்.

நரம்பு எடுத்த பல் காய்ந்த சுள்ளி மாதிரி ஆகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல் மருத்துவர்களும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். 1992-ல் ஒரே ஆளின் வாயிலிருந்து வேர் சிகிச்சை செய்த பல்லையும், மறுபக்கத்தில் அதே இடத்தில் இருந்த உயிருள்ள பல்லையும் ஜோடி ஜோடியாக எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். கடினத்திலும் தாங்கும் வலுவிலும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆக, பல்லின் பொருள் கெட்டுப்போவதில்லை, அதன் அளவுதான் குறைந்துவிடுகிறது. 1989-ல் பிடுங்கிய சிறு கடைவாய்ப் பற்களை வைத்து அளந்தார்கள். வேர் சிகிச்சைக்காக மேலே போடும் துளையால் மட்டும் பல்லின் விறைப்பு சுமார் 5 சதவீதம்தான் குறைந்தது. ஆனால் பல்லின் முன்பக்க விளிம்பிலிருந்து பின்பக்க விளிம்பு வரை குழி ஓடியபோது 63 சதவீதம் குறைந்துவிட்டது. கடைவாய்ப் பல்லின் இரண்டு பக்க விளிம்பும் கூரைக்கு உத்தரம் மாதிரி. சொத்தை அந்த விளிம்புகளைத் தின்றுவிட்டால் உள்சுவரும் வெளிச்சுவரும் தனித்தனியாக நிற்கும். ஒவ்வொரு கடிக்கும் இரண்டும் வெளியே விரியப் பார்க்கும். கீழ்க் கடைவாயில் நாக்குப் பக்கத்துச் சுவர் முதலில் போவதைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். உங்களுக்கும் அதுதான் போயிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சோற்றில் கல் கடிபட்டால் மூளை நினைப்பதற்குள் தாடை நின்றுவிடும். உள்ளே நரம்பு இல்லாத பல்லில் அந்த எச்சரிக்கை கொஞ்சம் மங்கிவிடுகிறது, அதனால் நமக்குத் தெரியாமலே கூடுதலாக அழுத்திவிடுகிறோம் என்று கருதுகிறோம். வலுக் குறைந்த பல்லுக்குக் கூடுதல் சுமை.

இனி கேப்புக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் பழைய உலக்கை இருந்தால் அடியைப் பாருங்கள், இரும்புப் பூண் போட்டிருக்கும். ராகி குத்தும்போது மரம் நெடுக்காகப் பிளந்துவிடாமல் சுற்றி இறுக்கிப் பிடிக்கத்தான் அந்தப் பூண். பல்லுக்குக் கேப் செய்யும் வேலையும் அதேதான். ஆனால் பூண் எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள்: மரத்தை. உலக்கையின் முனை உளுத்து உதிர்ந்து, அந்த இடத்தில் சாணியும் மண்ணும் அப்பி வைத்து, அதன் மேல் பூண் மாட்டினால் என்ன ஆகும்? நான்கு குத்தில் பூணோடு மண்ணும் கழன்று போகும். இல்லாவிட்டால் மிச்ச மரமும் பிளக்கும். பல்லிலும் இதே கதைதான். நாங்கள் கட்டிவைக்கும் சிமென்ட்டையோ கலவையையோ மட்டும் கேப் பிடித்தால் போதாது. ஈறுக்கு மேலே சொந்தப் பல்லின் கெட்டியான சுவர் சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரம் நிற்க வேண்டும், கேப்பின் விளிம்பு அதைத் தழுவிப் பிடிக்க வேண்டும். சுவரின் கனமும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

உங்கள் பல் நிற்குமா நிற்காதா என்பது பெரும்பாலும் இந்த இரண்டு மில்லிமீட்டரில் இருக்கிறது. போஸ்ட் எந்த வெளிநாட்டுச் சரக்கு, கேப் எந்த நிறம் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான். நாக்குப் பக்கம் உடைந்த விளிம்பு ஈறுக்கு மேலே கொஞ்சமாவது நிற்கிறதா, ஈறோடு சமமா, ஈறுக்குள் இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குறைவாக இருந்து மற்ற மூன்று பக்கமும் சுவர் நன்றாக நின்றால் மனம் தளர வேண்டாம். முழுப் பூண் அளவுக்கு வராது, ஆனாலும் முக்கால் பூண் நிறையத் தாங்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு ஈறுக்குள் போயிருந்தால், ஈறையும் கொஞ்சம் எலும்பையும் கீழே இறக்கி, மறைந்த பல்லை வெளிக்கொண்டு வரும் சின்ன அறுவை உண்டு. ஆனால் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு வேர். அவை கவட்டை மாதிரி பிரிகிற இடம் வரை எலும்பை இறக்கிவிட்டால் அங்கே சோறு சிக்கும், சீழ் பிடிக்கும். அதனால் அளவோடு செய்ய வேண்டிய வேலை அது.

உடைந்த இடத்தின் வழியாக எச்சில் உள்ளே போகிறதா என்பது அடுத்தது. வேருக்குள் அடைத்திருக்கும் ரப்பர் போன்ற பொருள் கிருமிக்குக் கதவு போடாது. மேலே இருக்கும் அடைப்புதான் கதவு. அந்தக் கதவு போய், எச்சில் மூன்று மாதம் போல ஊறியிருந்தால் வேர் சிகிச்சையை மறுபடி செய்துவிட்டே மேலே கட்டுவது என்று பெரும்பாலோர் கணக்கு வைத்திருக்கிறோம். உங்களுக்கு ஒரு வாரம்தான் ஆகிறது. மேலடைப்பின் அடிப்பகுதி பெயராமல் இருந்தால் நல்ல காலம். பெயர்ந்திருந்தால் நாள் கடத்தாதீர்கள். மாங்காய்க்குப் பூ வந்திருந்தாலும் சரி.

இதில் நானும் ஒரு பாடம் படித்திருக்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கட்டட மேஸ்திரிக்கு வேர் சிகிச்சை முடித்து, தற்காலிக அடைப்பு வைத்து, "பத்து நாளில் வாங்க, நிரந்தரமாகக் கட்டிவிடலாம்" என்றேன். மனிதர் மறுநாளே பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஐந்து மாதம் கழித்து, பண்டிகைக்கு ஊர் வந்தபோது வந்தார். அடைப்பு எப்போதோ கரைந்து போயிருந்தது. வேர் நுனியில் புதிதாகக் கட்டி. மணிக்கணக்கில் பார்த்த வேலை வீண். அதற்குப் பிறகு, வேரை அடைத்த அன்றைக்கே மேலே நிலையான அடைப்பையும் வைத்து முடிக்காமல் யாரையும் நாற்காலியிலிருந்து இறக்குவதில்லை. கேப் இரண்டு வாரம் கழித்து வரலாம்; கதவு அன்றே சாத்தியாக வேண்டும்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. 1995-ல் ரே, ட்ரோப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேர் சிகிச்சை செய்த 1010 பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். வேர் அடைப்பும் மேல் கட்டுமானமும் இரண்டும் நன்றாக இருந்த பற்களில் 91 சதவீதத்தில் வேர் நுனி சுத்தமாக இருந்தது. இரண்டும் மோசமானவற்றில் 18. வேர் வேலை நன்றாக இருந்தும் மேல் வேலை மோசமாக இருந்தவற்றில் 44தான். வேர் வேலை சுமாராக இருந்தும் மேல் வேலை நன்றாக அமைந்தவற்றில் ஏறத்தாழ 68. அப்படியானால் வேர் வேலை முக்கியமில்லையா என்று பிறகு பெரிய சர்ச்சையே நடந்தது. பின்னால் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் இரண்டும் வேண்டும், ஒன்று இன்னொன்றை ஈடுகட்டாது என்று முடித்தார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இப்போது உங்கள் பல்லில் நான் முதலில் தேடுவது விரிசலை. நாக்குப் பக்கத்துச் சுவர் உடைந்து வெளியே வந்தது நல்லது. விரிசல் வேருக்குள் இறங்காமல் பக்கவாட்டில் வெளியேறிவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம். ஆனால் விரிசல் இரண்டு வேர்களுக்கு நடுவில், நரம்பு இருந்த அறையின் தரையைக் கடந்திருந்தாலோ, வேரின் நெடுக்காக இறங்கியிருந்தாலோ, போஸ்ட், கேப் எதுவும் உதவாது. அதைக் கண்டுபிடிக்க டாக்டர் மெல்லிய அளவுகோலை ஈறைச் சுற்றி நுழைத்துப் பார்ப்பார். சுற்றிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கி, ஒரே ஒரு இடத்தில் மட்டும் குறுகலாக எட்டு, பத்து என்று ஆழம் போனால் அது கெட்ட சகுனம். ஈறில் அடிக்கடி சின்னக் கொப்புளம் வந்து சீழ் வடிவதும் அப்படியே. இப்படி எதுவும் கண்டால், "இன்னொரு முயற்சி பண்ணலாமே" என்று நீங்களும் கேட்காதீர்கள், டாக்டரும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பிடுங்குவதுதான் வழி.

போஸ்ட் பற்றி. பல்லுக்கு வலுக் கொடுக்கத்தான் போஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டடத் தூணுக்குள் கம்பி விடுவதைப் பார்த்து வந்த நினைப்பு அது. மேலே கட்டும் கலவை கழன்று வராமல் பிடிப்பதற்குத்தான் போஸ்ட், அவ்வளவுதான். அதை இறக்க வேரைக் குடைய வேண்டியிருப்பதால் வேர் இன்னும் கொஞ்சம் மெலிகிறது. கீழ்க் கடைவாயில் நரம்பு இருந்த அறை விசாலமாக இருக்கும். மூன்று சுவர் நின்றால், அந்த அறையின் குழிவையே பிடிமானமாக வைத்துப் போஸ்ட் இல்லாமலே கட்டிவிடலாம். கட்டாயம் வேண்டும் என்றால் பின்பக்க வேரில் ஒன்று போதும், முன்பக்க வேர் மெல்லியது, அதில் கை வைக்காமல் இருப்பது நல்லது. வேர் நுனியில் நான்கைந்து மில்லிமீட்டர் அடைப்பைக் குலைக்காமல் விட வேண்டும். நாரிழையால் செய்த போஸ்ட் பல்லோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்து கொடுக்கும். தோற்றாலும் பெரும்பாலும் பசை விட்டுக் கழன்று வரும், திரும்ப ஒட்டலாம். மலிவாகக் கிடைக்கிறதென்று திருகாணி மாதிரி சுற்றி இறக்கும் போஸ்ட்டை வைக்கச் சொன்னால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் சம்மதிக்க மாட்டேன். காய்ந்த மரத்தில் திருகாணியை முறுக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பின்னால் உள்ள காலி இடத்துக்கு இந்தப் பல்லைத் தாங்கலாக வைக்கலாமா என்ற யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். உங்கள் பல் இப்போது வரிசையின் கடைசி ஆள். இரண்டு பக்கமும் துணை உள்ள பல்லை விட இப்படி ஓரத்தில் தனியாக நிற்கும் பல் சீக்கிரம் போகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதிலும் ஒரு சுவர் இழந்த பல்லின் மேல், பின்னால் தொங்கும் இன்னொரு பல்லை மாட்டினால் கிணற்று ஏற்றத்தின் நுனியில் கல்லைக் கட்டிய கதைதான். கடிக்கும் ஒவ்வொரு முறையும் வேரை நெம்பும். அந்தக் காலி இடத்தை அப்படியே விடலாம், பின்னால் வசதிப்பட்டால் அங்கே தனியாக இம்ப்ளான்ட் வைக்கலாம்.

நம் ஊர்ப் பல்லுக்கு இன்னொரு சங்கதி உண்டு. உங்கள் பற்களில் காவி நிறக் கறையோ சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டோ இருக்கிறதா? எழுதவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தண்ணீர் திறந்தார்கள். அது பேரப்பிள்ளைகளின் பல்லுக்கு நல்லது. உங்களுக்கும் எனக்கும் எனாமல் எட்டு வயதுக்குள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உருவாகி முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு எளிதில் அசையாது, அடியில் நுண்துளையாக இருக்கும். பல் நிற அடைப்பு ஒட்டுவதற்கு முன் அமிலம் தடவிச் சொரசொரப்பாக்குவோமே, அதற்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும், அல்லது மேல்தோலை லேசாகச் சீவ வேண்டும். இல்லையென்றால் ஒட்டியது விளிம்பில் விட்டுக்கொடுக்கும். வேர் சிகிச்சைக்குப் பிறகு பசை வேலை செய்யாமல் போக வேறு காரணங்களும் உண்டு. கிராம்பு எண்ணெய் வாசம் வருமே, அந்தத் தற்காலிக சிமென்ட் பல் நிறக் கலவையை இறுகவிடாமல் கெடுக்கும். வேரைக் கழுவும் ஹைப்போகுளோரைட்டும் பசையின் பிடியைக் குறைக்கும். இவற்றைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டு ஒட்ட வேண்டியது எங்கள் வேலை. நீங்கள் கறை இருப்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேப் எதில் செய்வது? சுவர் ஏற்கெனவே குறைவு, அதனால் குறைவாகச் சீவினால் போதும் என்கிற கேப்தான் உங்களுக்கு நல்லது. உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய கேப்புக்கு அதிகம் சீவ வேண்டும். முழு உலோகமோ முழு ஜிர்கோனியாவோ (கெட்டியான பீங்கான் வகை) போட்டால் கொஞ்சம் பல் மிஞ்சும். கடைசிப் பல், சிரித்தாலும் வெளியே தெரியாது. உலோகக் கேப் போட்டுக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை. பத்து வருட வாரண்டிச் சீட்டு கேப்புக்குத்தான், அடியில் இருக்கும் பல்லுக்கு யாரும் சீட்டு எழுதித் தர முடியாது. உங்கள் டாக்டர் "உத்தரவாதம் சொல்ல முடியாது" என்றது நேர்மையான பேச்சு. எனக்கு அவர் மேல் மரியாதைதான் வருகிறது.

பிடுங்கி இம்ப்ளான்ட் வைக்கச் சொன்னவரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் பிடுங்கிய பல்லைத் திரும்ப வைக்க முடியாது, இம்ப்ளான்ட் ஆறு மாதம் கழித்தும் வைக்கலாம். விரிசல் இறங்கவில்லை, மூன்று சுவர் நிற்கிறது, ஈறு ஆரோக்கியம் என்றால் நான் காப்பாற்றித்தான் பார்ப்பேன். நாக்குப் பக்கம் எலும்பு மட்டம் வரை உடைந்து, மற்ற சுவர்களும் தாள் மாதிரி இருந்தால், போஸ்ட், ஈறு அறுவை, கேப் என்று மூன்று செலவு பண்ணி இரண்டு வருடம் ஓட்டுவதை விட அந்தப் பணத்தை இம்ப்ளான்ட்டில் போடலாம். சர்க்கரை இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் எந்த வழிக்குப் போனாலும் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். செலவு இடிக்கிறது என்றால் சேலத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பேராசிரியர் பார்வையில் முதுநிலை மாணவர்கள் செய்வார்கள், செலவு குறையும், நாலைந்து நடை பஸ் ஏற வேண்டியிருக்கும்.

உங்கள் தங்கையின் பல் நன்றாக இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. முன்பல் வெட்டும், அரைக்காது. உள்ளிருந்து விரிக்கும் பாரம் அதன் மேல் விழுவதில்லை. சிகிச்சைக்காகப் பின்பக்கம் போட்ட சின்னத் துளையைத் தவிரப் பல் முழுதாக இருந்தால், அதை அடைத்தால் போதும். 1984-ல் 1273 பற்களை வைத்துப் பார்த்த ஓர் ஆய்விலும், கேப் கடைவாய்ப் பற்களின் ஆயுளைத் தெளிவாகக் கூட்டியது, முன்பற்களில் பெரிய மாற்றம் காட்டவில்லை. 2002-ல் வந்த இன்னொன்றில், கேப் போடாத பற்கள் போட்டவற்றை விட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன என்று கண்டார்கள். ஆகவே அவருக்குச் சரியானது உங்களுக்குச் சரியாகாது. அவர் பல் நிறம் மாறி வந்தாலோ, அடைப்பின் விளிம்பில் கறுப்புக் கோடு தெரிந்தாலோ மட்டும் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள்.

இந்த வாரத்துக்குள் சிகிச்சை செய்த டாக்டரிடமே போங்கள். பழைய எக்ஸ்ரே வீட்டில் எங்காவது ரேஷன் கார்டோடு சேர்ந்து கிடக்கும், தேடி எடுத்துப் போங்கள். அன்றைக்கும் இன்றைக்கும் வேர் நுனியை ஒப்பிட அதுதான் வேண்டும். உடைந்து வந்த துண்டை வைத்திருந்தால் அதையும் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோங்கள். திரும்ப ஒட்டுவதற்காக இல்லை, அதன் அடிவிளிம்பைப் பார்த்தால் எவ்வளவு ஆழத்தில் உடைந்தது என்று தெரிந்துவிடும். அதுவரை இடது பக்கம் மெல்லுங்கள், பாக்கு வேண்டாம்.